கேபிள் கதை கேட்கிறவள்

என் மனைவி அரபு நாடொன்றில் வீட்டு வேலை செய்கிறாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, பாத்திரங்கள் கழுவி, அந்த வீட்டுப் பிள்ளைகள் உறங்கிய பிறகுதான் எனக்குத் தொலைபேசி எடுக்க அவளுக்கு நேரம் கிடைக்கும். அது இங்கே நான் வேலை முடிந்து வரும் நேரம். வாவிக்கு மேற்கே வேலை, கிழக்கே குருக்கள்மடத்தில் வீடு. இடையில் துறையில் நின்று, சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்க வேண்டும். மிதவைகள் மேல் பலகை அடித்த அந்த ஓடத்தை நாங்கள் பாதை என்போம். பாதை அக்கரையிலிருந்து திரும்பி வரும்வரை நான் மருத மரத்தடியில் நிற்பேன். அவள் அழைப்பாள்.

எனக்குப் பேச வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கலியாணமான புதிதில் அவள் தேத்தண்ணீர் தந்தால் “நல்லா இருக்கு” என்று சொல்வதற்குள் கோப்பை காலியாகிவிடும். தொலைபேசியில் இன்னும் கஷ்டம். சுகமா, சாப்பிட்டாயா என்று கேட்டு முடிந்தால் பிறகு என்ன சொல்வது? ஒரு நாள் வேறொன்றும் கிடைக்காமல் வேலையைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு அது பிடித்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் பேச்சு முழுக்க கேபிள்தான்.

நான் வேலை செய்வது ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையத்தில். நெல், மீன், வாவித் தண்ணீர், மழை என்று எல்லாவற்றையும் அங்கே ஆராய்கிறார்கள். வயல் வட்டைக்கு நடுவே அது எழும்பிய காலத்தில் நான் கூலிக்குக் கான் என்னும் நீளக் குழி வெட்டப் போனவன். வெட்டிய கானுக்குள் கேபிள் போட்டார்கள். கட்டிடம் முடிந்ததும் மற்றவர்கள் வேறு வேலைக்குப் போக, நான் அங்கேயே நின்றுவிட்டேன். பொறியியலாளராக இருக்கும் மிஸ்தான் என்னைக் கணினிக்கு முன்னால் இருத்தினார். அங்குள்ள ஒவ்வொரு கேபிளுக்கும் ஓர் இலக்கம் உண்டு. இரண்டு முனையிலும் அந்த இலக்கம் ஒட்டியிருக்க வேண்டும். எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, என்ன வகை, எவ்வளவு நீளம், பாவனையில், அதாவது உபயோகத்தில் இருக்கிறதா, கழற்றியாயிற்றா என்று கணினியில் பதிந்து வைக்க வேண்டும். டேட்டாபேஸ் என்பார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அந்தச் சொல்லே பயமாக இருந்தது. முதல் மாதம் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடாரத்தின் கேபிள்கள் எல்லாவற்றையும் தலைகீழாகப் பதிந்துவிட்டேன். வரும் இடம் போகும் இடமாகவும், போகும் இடம் வரும் இடமாகவும் ஆகிவிட்டது. மிஸ் தலையில் கை வைத்துச் சிரித்துவிட்டு, பக்கத்தில் இருந்து திருத்தித் தந்தார்.

என் மனைவிக்கு இதெல்லாம் மனப்பாடம்.

“இஞ்சேருங்க, இண்டைக்கு என்ன கேபிள்?”

“விதைநெல் வைக்கிற குளிரறையில ஒண்டு. லேபல் உரிஞ்சு போச்சு. எங்க போகுதெண்டு தெரியல்ல.”

“மறுகா?”

“தேடிக்கொண்டு போனம். மீன் தொட்டிக்குப் பின்னால, எறும்புப் புத்துக்குள்ள மற்ற முனை கிடந்தது.”

“கடிச்சதா?”

“ஓம். காத்தான்குடியாருக்கு.”

அவள் சிரிப்பாள். எஜமானிக்குக் கேட்டுவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு. காத்தான்குடியார் என்று நாங்கள் சொல்வது என்னோடு வேலை செய்யும் மின்வேலைக்காரரை. அவரும் முன்பு அரபு நாட்டில் நின்று வந்தவர். அவருக்கு என்ன கடித்தது, அவர் என்ன சொல்லித் திட்டினார் என்பதையெல்லாம் அவள் கேட்டு வைத்துக்கொள்வாள்.

ஒரு தடவை அவள் கேட்டாள். “அந்தக் கணினியில என்னையும் பதிஞ்சு வைக்கிறதெண்டா எதில போடுவீங்க? பாவனையிலயா, கழட்டினதிலயா?”

எனக்கு முகம் சூடாகிவிட்டது. பக்கத்தில் மீன் கூடையோடு இரண்டு பேர் நின்றார்கள்.

“லைன் சரியில்ல புள்ள” என்றேன்.

“லைன் நல்லாத்தான் கிடக்கு. ஆளுக்குத்தான் சத்தம் வராது.”

அவள் போனது மகளுக்கு வீடு கட்டுவதற்காக. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குரியது. தாயின் வீடு மகளுக்குப் போகும். ஆம்பிளை கலியாணம் முடித்து அவள் வீட்டுக்குப் போய் இருப்பான். நானும் மண்டூரிலிருந்து ஒரு பையோடு வந்தவன்தான். அவள் தாய் கொடுத்த ஓலை வீடு இருந்த இடத்தில், அவள் அனுப்பியதைக் கொண்டு கல்வீடு எழும்பிற்று. மகளுக்கு மாப்பிள்ளையும் பொருந்திவிட்டது. கலியாணத்தோடு அந்த வீடு மகளுடையது.

கலியாணத்துக்கு வர எஜமானி விடுமுறை கொடுத்துவிட்டாள். ஆனால் முன்கூட்டியே ஒன்றைச் சொல்ல வேண்டுமாம். திரும்பி வருவதென்றால் விசாவைப் புதுப்பித்து, போகவும் வரவும் டிக்கெட் எடுப்பாள். வராவிட்டால் வேறு ஆளைத் தேடுவாள்.

அன்று அவள் கேபிளைப் பற்றிக் கேட்கவில்லை.

“நான் வந்து நிக்கவா, கலியாணம் முடியத் திரும்பிப் போகவா? நீங்க சொல்லுங்க.”

பாதை கரைக்குக் கிட்ட வந்துகொண்டிருந்தது. ஆட்கள் மோட்டார் சைக்கிள்களை இறக்கத் தயாரானார்கள். வந்து நில் என்று சொல்லத்தான் மனம் நினைத்தது. ஆனால் எந்த வீட்டுக்கு வா என்று சொல்வது? ஓலை வீடாக இருந்தபோது அது அவளுடைய வீடு. இனி மகளுடைய வீடு. நான் வந்து இருக்கிறவன். வீட்டுக்குரியவளை வா என்று அழைக்க நான் யார் என்று ஓர் எண்ணம் வந்து மறித்தது.

“உனக்குச் சரியெண்டு பட்டதைச் செய்” என்றேன்.

“சரி” என்றாள். வைத்துவிட்டாள்.

மறுநாள் அவளிடமிருந்து அழைப்பு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மகளின் தொலைபேசிக்குத்தான் எடுத்தாள். “அப்பா, அம்மா உங்களை நேரத்துக்குச் சாப்பிடட்டாம்” என்று மகள் வந்து சொல்வாள். சமையற்கட்டில் தாயும் மகளும் தொலைபேசியில் சேலை நிறம் பற்றிப் பேசுவது கேட்கும். நான் முற்றத்தில் நிற்பேன். துறையில் வந்த பாதையில் ஏறாமல், அடுத்ததும் போகட்டும் என்று நின்ற நாட்களும் உண்டு. தோணிக்காரர்கள் வலையை உதறுவதைப் பார்த்தபடி, சட்டைப் பையில் கையை வைத்துக்கொண்டு நிற்பேன்.

வேலையில் அவளுக்குச் சொல்ல வேண்டியவை சேர்ந்துகொண்டே போயின. கேபிள் தட்டின் மேல் ஓர் அணில் கிழிந்த லேபல்களைக் கொண்டுபோய்க் கூடு கட்டியிருந்தது. அந்த இலக்கங்களை வாசிப்பதற்காக மிஸ் ஏணியில் ஏறி, அணிலிடம் மன்னிப்புக் கேட்டார். இதைக் கேட்டால் அவள் எப்படிச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியும். கணினியில் அந்த இலக்கங்களைப் பதியும்போது அந்தச் சிரிப்பைக் கேட்க வேண்டும் போலிருந்தது. வேறு யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

கேபிளைத் தேடுவதற்கு எங்களிடம் ஒரு கருவி இருக்கிறது. ஒரு முனையில் அதைப் பொருத்திப் பூட்டினால், மறுமுனையில் கோல் போன்ற ஒன்றைப் பிடிப்பவருக்குச் சத்தம் கேட்கும். ஒரு நாள் அதை நான் பூட்டிவிட்டு இருந்தேன். காத்தான்குடியார் அடுத்த கட்டிடத்திலிருந்து தொலைபேசியில் பேசினார்.

“என்ன மச்சான், ஒன்ட பக்கம் சத்தமே இல்ல?”

“பூட்டித்தான் கிடக்கு.”

“மெசினக் கேக்கல்ல. ஒன்னக் கேட்டன். ஒரு கிழமையா வாயத் தொறக்காம திரியிறாய்.”

சாப்பாட்டு நேரத்தில் மெதுவாகச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“சரியெண்டு பட்டதச் செய் எண்டா சொன்னாய்? மடையன். நான் அங்க நிண்டவன், எனக்குத் தெரியும். ஊட்டில இருந்து வா எண்டு ஒருத்தரும் சொல்லல்லண்டா, நம்மள ஆருக்கும் தேவல்ல, இங்கயே கிடப்பம் எண்டுதான் மனசு சொல்லும்.”

“எந்த வீட்டுக்கு வா எண்டு சொல்றது?”

“அப்ப ஒரு ஊட்டக் கட்டு” என்றார். மீன் தலையை என் பக்கம் தள்ளிவிட்டார்.

வீட்டு வளவின் பின்மூலையில், மரமுந்திரிகைக்குப் பக்கத்தில், கல்வீட்டில் மிஞ்சிய கற்களைக் கொண்டு ஓர் அறையும் முன்னால் சின்ன விறாந்தையும் எழுப்பினோம். மேசன் ஒருவர் வந்தார். மற்றதெல்லாம் நானும் காத்தான்குடியாரும்தான். கதவு போட்ட அன்று மகளிடம் சொன்னேன். “அப்பா நாளைக்குத் துறையில நிப்பார் எண்டு அம்மாட்டச் சொல்லு.” மகள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுக்கப் போனாள்.

மறுநாள் அழைப்பு வந்தது.

“சொல்லுங்க. நிக்கிறீங்களாமே.”

“ஓம்.”

“என்ன விசயம்?”

வா என்ற சொல் அப்போதும் வரவில்லை. வாவியில் காற்று அடித்தது.

“பின்வளவில ஒரு அறை கட்டியிருக்கன். வயர் நான்தான் இழுத்தன். லைட் ரெண்டு. ஒண்டு உள்ளுக்கு, ஒண்டு விறாந்தைக்கு. ஃபேன் ஒண்டு.”

“ம்.”

“அடுப்பு வைக்கிறதுக்குப் பக்கத்தில ஒரு பிளக் விட்டிருக்கன். நீ அங்க தண்ணி கொதிக்கப் பாவிக்கிற மாதிரி கேத்தல் ஒண்டு வாங்கலாம் எண்டு.”

“ஃபேன் சுவிட்ச் எங்க?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“தலைமாட்டில. நீ படுக்கிற பக்கம்.”

“விடிய முதல் எழும்புறது நீங்கெல்லோ. உங்கட பக்கமெல்லோ போட்டிருக்க வேணும்.”

“நீ கிடக்கேக்க நான் ஏன் ஃபேனை நிப்பாட்டப் போறன்?”

பாதை கரையில் தட்டியது. ஏறச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் ஏறவில்லை.

“இங்க திரும்பி வாற டிக்கெட் வேணாமெண்டு எஜமானிட்டச் சொல்றன்” என்றாள். பிறகு, “இவ்வளவு நாளா என்னென்ன கேபிள்? எல்லாம் முதல்ல இருந்து சொல்லுங்க” என்றாள். நான் அணிலில் இருந்து தொடங்கினேன்.

அவள் இன்னும் வந்து சேரவில்லை. எஜமானிக்கு வேறு ஆள் கிடைக்க வேண்டுமாம். கிடைத்தாலும் வேலை பழக்கிக் கொடுத்துவிட்டுத்தான் வரலாமாம். கலியாணத்துக்கு முன் எப்படியும் வந்துவிடுவேன் என்கிறாள். மகள் அந்த அறையைக் கூட்டி, ஜன்னலுக்குத் துணி போட்டிருக்கிறாள். நான் உள்ளே போய் விளக்கைப் போட்டுப் பார்த்து, அணைத்துவிட்டு வருவேன். படுப்பது மட்டும் விறாந்தையில். உள்ளே தனியாகப் பாய் விரிக்க மனம் வரவில்லை.