படுதாக்குளத்து வாத்துகள்

மதினியின் டிரங்குப் பெட்டியில் செம்மண் கறை படிந்த ஒரு வாத்து இறகு இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், ஏலக்காய்த் தோட்டத்தில் தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் தேக்கிய படுதாக்குளத்தில் வாத்துகள் முங்கிய அந்தக் காலை கண்முன் வந்து நிற்கும். வாத்து தண்ணீரில் முங்கிச் சாகும் என்று அதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

மதினி என் வீட்டுக்காரரின் அக்கா. புருஷன் போன பிறகு எங்களோடு மலைக்கு வந்துவிட்டவர். நான் நாலெழுத்துக்கு மேல் படிக்காதவள்; ஆனாலும் தோட்டம் என் கைப்பிடியில்தான் இருந்தது. மதினிக்கென்று இருந்தவை அந்த வாத்துகள் மட்டுமே. சிலமலையிலிருந்து சம்பந்தக்காரர்கள் ஜீப்பில் வருகிறார்கள் என்றதும், முதல்நாள் சாயங்காலம் அண்டா நிறையச் சோப்புத்தூள் நுரையில், பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் ஒவ்வொன்றையும் தேய்த்துக் குளிப்பாட்டினார். "மண்ணப் பூசிக்கிட்டு நின்னா நம்மளத்தான் கேவலமாப் பேசுவாக" என்றார். மறுநாள் அவை பளீரென்று வெளுத்துக் குளத்தில் இறங்கின. நடுக்குளம் போனதும் உடம்பு அமிழ்ந்து, கழுத்து மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. வந்தவர்கள் காப்பி டம்ளரோடு குளக்கரைக்கு ஓடினார்கள்.

பழி, தோட்டத்தில் ஏலச்செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கிறவர்மேல் விழுந்தது. "நான் கொளத்துப் பக்கமே போகலம்மா, எம்புள்ளைக மேல சத்தியம்" என்றார். "வெசத்தக் கலக்கிட்டுச் சத்தியம் வேறயா" என்று மதினி மண்ணை வாரித் தூற்றினார். அன்றைக்கே அந்த மனிதர் குடும்பத்தோடு மலையிறங்கித் தன் ஊரான தேவாரத்துக்குப் போக வேண்டியதாயிற்று.

போன வாரம், இப்போது நாங்கள் இருக்கும் போடி வீட்டில், பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் என் மருமகள் எண்ணெய்ச் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில் இந்தக் கதையைச் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

"அத்தை, வாத்து எறகுல எண்ணெய் இருக்கும். அதான் தண்ணி ஒட்டாம மெதக்குது. சோப்புல ஒவ்வொரு துணுக்குக்கும் ஒரு தலை, ஒரு வாலு. தலைக்குத் தண்ணி பிடிக்கும், வாலுக்கு ஆகாது, அது எண்ணெயோடதான் ஒட்டும். தண்ணியில கரைச்சா வாலெல்லாம் உள்ள ஒளிஞ்சுக்கிட்டு, தலையெல்லாம் வெளிய நின்னு, தானாவே உருண்டையாச் சேர்ந்துக்கிரும். எண்ணெய அந்த உருண்டைக்குள்ள அள்ளிட்டுப் போயிரும்."

"அப்ப வெசம்?"

"வெசமே இல்லத்தை. குளிப்பாட்டுனதுதான். எண்ணெ போனதும் எறகு தண்ணியக் குடிச்சு முங்கிருச்சு."

ஆயுசு முழுக்க சோப்போடு புழங்கியவள் நான். கண்ணுக்குத் தெரியாமல் அதற்குள் இப்படி ஒரு கூட்டம் கூடுகிறதா? பக்கத்து அறையில் மதினி படுத்திருப்பது அப்போதுதான் உறைத்தது.

எட்டிப் பார்த்தேன். பெட்டி திறந்திருந்தது. குளிப்பாட்டுவதற்கு முன் உதிர்ந்த அந்த இறகின்மேல் செம்பிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அந்த மனுசன் புள்ளைக மேல சத்தியம் பண்ணுனானே" என்றார். "அதுக நல்லாருக்குதுகளான்னு கேட்டுச் சொல்லு, ஆத்தா."

சொட்டு இறகில் ஒட்டாமல் உருண்டு தரையில் விழுந்தது.