கடைசி உடைமரம்

ஜப்பான்காரன் குண்டு போட வருவான் என்று ஊரே அரண்டு கிடந்த யுத்தகாலம். தருவைகுளத்துக்கு மேற்கே, விமானம் இறங்குவதற்காக உடைமரக் காடு ஒன்றை அழித்துக்கொண்டிருந்தோம். நான் மரத்தின் தூரில் சங்கிலியைக் கட்டுவேன். டிராக்டர் ஓட்டுபவர் அதை இழுத்துப் பிடுங்குவார். ஒட்டிய கன்னம், இமையெல்லாம் செம்புழுதி. பேர் தெரியாது; எனக்கு அவர் டிரைவர் அண்ணாச்சி, அவ்வளவுதான்.

ஒவ்வொரு மரம் சாய்ந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு, வானத்தைப் பார்த்துக் காதைத் தீட்டிக்கொள்வார்.

"இது போடுத சத்தத்துல, பிளேன் தலைக்கு மேல வந்தாலும் கேக்காதுல்லா?"

அதைக் கேட்டபின் சங்கிலி கட்டும்போதெல்லாம் நானும் வானத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

நடுவில் அடர்த்தியாக நின்ற ஓர் உடைமரத்தை மட்டும் அவர் தொடவிடவில்லை.

"அது நிக்கட்டும்லே. ஓடி ஒளிய நமக்கு ஒண்ணு வேணும்."

கடைசி நாள் மேஸ்திரி வந்து அதட்டினார். அந்த மரத்துக்கும் சங்கிலி கட்டினேன். வேரோடு சாய்ந்தது. கண்ணுக்கெட்டியவரை ஒரே வெட்டவெளி. அண்ணாச்சி எஞ்சினை அணைத்தார்; ஆனால் தலை நிமிரவில்லை.

"மேல பாக்கலியா அண்ணாச்சி?"

"பாத்து என்னலே செய்ய? இனி எங்கன ஓட?"

யுத்தம் முடிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. இன்றும் விமானச் சத்தம் கேட்டால், நான் வானத்தைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் மரம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.