சீட்டின் உச்சியில் ஓர் ‘எடு’

பாளையங்கோட்டை மருந்துக்கடையில் சேர்ந்த முதல் நாளே கால் வீங்கிவிட்டது. உட்கார நாற்காலி கிடையாது. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் என் பார்மசிஸ்ட் சான்றிதழ் தொங்கியது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா பீடி சுற்றிப் படிக்க வைத்தாள். அலுப்பு ஏறும்போதெல்லாம் அந்தச் சட்டத்தைத் திரும்பிப் பார்ப்பேன்.

டாக்டர் சீட்டின் உச்சியில் ‘ஆர்எக்ஸ்’ என்ற குறி இருக்கும். ரெசிபேரே என்ற லத்தீன் வினையின் ஏவல் அது. பெறுதல், ஏற்றல், மீட்டல் எனப் பல பொருள். பிடித்தலைக் குறிக்கும் காபெரே அதன் வேர். சமையல் ரெசிபியும் இதே சொல்தான். சீட்டில் அதற்கு ‘எடு’ என்று பொருள். நோயாளிக்குச் சொன்னதல்ல, மருந்து கலப்பவருக்கு டாக்டர் இட்ட கட்டளை. கல்லூரியில் அதை மனப்பாடம் செய்ததோடு சரி.

ஒருநாள் மாலை, துபாய்க்குக் கிளம்பிய மேலப்பாளையத்துக்காரர் ஒருவர் தன் உம்மாவின் சீட்டை நீட்டினார். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட், வாரம் ஒன்றுதான் சாப்பிட வேண்டும். அவர் மூன்று மாதத்துக்குத் தொண்ணூறு கேட்டார்.

“எதுக்குண்ணே இவ்வளவு?”

“துபாய்லேருந்து நாள் பேரு போட்ட டப்பா கொண்டாந்தேன். உம்மாக்குப் படிக்கத் தெரியாதுல்லா, ஏழு அறையிலயும் நானே எல்லா மாத்திரையும் போட்டு வச்சேன்.”

“கொடுத்து விடும்மா, அவரு பிளைட்டப் பிடிக்கணும்லா,” என்றார் முதலாளி அண்ணாச்சி.

“உம்மாக்கு வாயில புண்ணு இருக்கா?” என்று கேட்டேன். வார மாத்திரையைத் தினமும் விழுங்கினால் விஷமாகும், வாய்ப்புண் அதன் அடையாளம்.

“டாக்டர விடப் பெரிய ஆளோ நீங்க?” என்று சிரித்தவர், சட்டென்று நிறுத்தினார். “இருக்கு. ரெண்டு நாளா கஞ்சிகூட எறங்கல. சூடுன்னு நெனச்சோம்.”

“மாத்திரைய நிறுத்துங்க. இப்பமே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

அவர் ஓடினார். “நல்ல யாவாரத்தக் கெடுத்தியேம்மா,” என்றார் அண்ணாச்சி.

சில வாரம் கழித்து அந்த மேலப்பாளையத்துக்காரர் வந்தார். உம்மா பிழைத்துவிட்டார், அந்த மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார். காலி டப்பாவையும் புதுச் சீட்டையும் மேசைமேல் வைத்தார்.

“பிளைட்டு போச்சு, போவட்டும். இத நீங்களே போட்டுக் குடுங்க தங்கச்சி.”

“பையப் பையப் போடும்மா, அவசரமில்ல,” என்றார் அண்ணாச்சி.

இந்த வேலைக்கு வரும் தங்கைகளே, அந்த ‘எடு’ நமக்கு இட்ட கட்டளை. எடுக்குமுன் கேளுங்கள். கேட்டால் திட்டு விழும், வரிசை முணுமுணுக்கும். நாற்காலி இன்னும் வரவில்லை. நின்றுகொண்டேதான் கேட்கிறேன்: “இத எப்பிடிச் சாப்பிடுதாங்க?”