பெட்டி இருந்தால் ஏறலாம்

சைக்கிள் பந்தயத்தில் ஓட்டியவராமே, கல்வராயன் மலையெல்லாம் ஏறி இறங்கியவராமே, அந்த அனுபவத்தைக் கொஞ்சம் சொல்லுங்களேன் என்று யாராவது ஆசையாகக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது கோபம்தான். சொல்கிறேன். ஆனால் குளிர்ந்த காற்று, பறக்கிற வேகம், இளமைக் குறும்பு என்று எதையாவது எதிர்பார்த்து உட்காராதீர்கள்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற வழியில் எங்கள் ஊர். எங்கள் ஊர் என்பது வாய்த் தவறு. ஊர் அவர்களுடையது, எங்களுடையது காலனி. வாய்க்காலுக்குக் கிழக்கே நாங்கள், மேற்கே அவர்களுடைய தெரு. பஸ் போகிற தார் ரோடு ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போகும். சைக்கிளில் வருகிற யாரும் அப்படிச் சுற்றுவதில்லை. தெருவுக்குள் புகுந்து மேற்குப் பக்கம் வெளியே போய்விடுவார்கள். நாங்களும் போகலாம். தெருமுனையில் இறங்கி, கடைசி வீடு தாண்டுகிற வரைக்கும் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும், அவ்வளவுதான். யாரும் போர்டு எழுதி வைக்கவில்லை. எங்கள் அப்பா இறங்கினார், நான் இறங்கினேன்.

தெருவின் மேற்குக் கோடியில் ஒரு சினிமாக் கொட்டகை இருந்தது. கள்ளக்குறிச்சித் தியேட்டரும் அந்தக் கொட்டகையும் ஒரே பிரிண்டை வைத்துக்கொண்டு இரண்டு இடத்திலும் படம் ஓட்டின. அங்கே முதல் பாதி முடிந்ததும் அந்த ரீல்கள் தகரப் பெட்டியில் இங்கே வரும். இங்கே அது ஓடி முடிவதற்குள் இரண்டாம் பாதிப் பெட்டி வந்து சேர வேண்டும். வராவிட்டால் ஜனங்கள் பெஞ்சை உடைப்பார்கள். அந்தப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு மிதித்தவன் நான். என்னைப் பந்தயக்காரன் ஆக்கியது அந்த வேலைதான்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. கேரியரில் பெட்டி இருந்தால் நான் தெருவில் இறங்க வேண்டியதில்லை. இறங்கி நடந்தால் படம் நின்றுவிடுமே! "வழி வுடுங்கடா, பொட்டி வருது" என்று அவர்களே பிள்ளைகளை ஓரம் கட்டுவார்கள். பெட்டியைக் கொடுத்துவிட்டு வெறும் சைக்கிளோடு திரும்பினால், அதே தெருவில், அதே ஆட்கள் முன்னால், இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பேன். ஆரம்பத்தில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. நாள் ஆக ஆக வயிறு எரிந்தது. தகரத்துக்குக் கிடைத்த மரியாதை அது. எனக்குக் கிடைத்ததாகக் கொஞ்ச காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தெருவில் எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். என் வயசு, என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், என்னைப் போலவே சைக்கிள் பைத்தியம். ஏரிக்கரை தார் ரோட்டில் இரண்டு பேரும் போட்டி போட்டு மிதிப்போம். நான் மட்கார்டைக் கழற்றினால் அவனும் கழற்றுவான். தோளில் கை போடுவான், என் பாட்டிலில் தண்ணீர் குடிப்பான். தெருமுனை வந்ததும் நான் இறங்குவேன், அவன் ஏறினபடியே முன்னால் போய்விடுவான். தெருவுக்குள் ஒருதரம்கூட அவன் திரும்பிப் பார்த்ததில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பந்தயம் என்று அறிவித்தார்கள். கள்ளக்குறிச்சியில் புறப்பட்டு, கோமுகி அணை வரைக்கும் போய்த் திரும்பி, எங்கள் ஊர்த் தெருவில் கோயிலுக்கு முன்னால் போட்டிருக்கிற பந்தலில் முடிக்க வேண்டும். பந்தயத்தை நடத்தியவர் தெருவிலேயே பெரிய வீட்டுக்காரர். கொட்டகை நின்ற இடமும் அவருடையதுதான். போகிறபோது தார் ரோடு, திரும்பி வருகிறபோது தெரு. அந்தத் தெருவைத் தவிர மற்ற இடத்தில் என்னை ஜெயிக்க ஆளில்லை என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

புரட்டாசி பிறந்ததும் சாலை மறியல் வந்தது. இட ஒதுக்கீட்டில் தங்கள் ஜாதிக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தெருக்காரர்கள் ரோட்டில் இறங்கினார்கள். சாலை ஓரத்துப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, பேப்பர் இல்லை. கொட்டகையும் மூடியாயிற்று. எங்கெங்கோ துப்பாக்கிச் சூடு என்றும், எங்கெங்கோ காலனி வீடுகள் எரிந்தன என்றும் சேதி வந்துகொண்டே இருந்தது. எங்கள் காலனியில் ஆண்கள் முறை வைத்து விழித்திருந்தார்கள்.

அவர்கள் கேட்டதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. மண்ணைக் கிளறிக் கிளறிச் சாகிற ஜனம், பிள்ளை படித்தால் வேலை வேண்டும் என்று கேட்கத்தான் செய்யும். இதை அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். ஆனால் தன் தலைமேல் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான் என்று ஊர் கேட்கக் கத்துகிறவனுக்குத் தான் யார் தலைமேல் உட்கார்ந்திருக்கிறோம் என்பது ஏன் உறைக்கவில்லை? அந்த ஆத்திரத்தை இறக்கி வைக்க எனக்கு இடம் இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு மலைப் பக்கம் கிளம்பினேன்.

தெருவில் அன்று ஆண்கள் ஒருத்தரும் இல்லை, எல்லோரும் மறியலில். ஏறிப் போயிருக்கலாம். முனை வந்ததும் கால் தானாகத் தரையில் இறங்கியது. காலி வீடுகளுக்கு மரியாதை கொடுத்துக்கொண்டு தள்ளிப் போனேன். அதை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

ஊர் தாண்டி முதல் மரத்தில் சிநேகிதன் கோடாலியோடு நின்றான். என்னைப் பார்த்துச் சிரித்தான். சைக்கிளை அந்தப் பக்கம் தூக்கி வைக்க ஒரு கை கொடுத்தான்.

"எங்கடா போய்க்கினு கீற, நாடே நின்னு கெடக்குது?"

"மலைக்கு. பந்தயத்துக்குக் கால் பழகணும்ல."

"போ, போ. நான் இங்க மரம் வெட்டிக்கினு கீறேன், நீ கால் பழக்கு. ஜெயிச்சுடுவ போல."

"உங்க தெருவுல எறங்கச் சொன்னா எப்டி ஜெயிக்கிறது?"

அவன் கோடாலிப் பிடியைத் தடவினான். "அத்த இன்னாத்துக்கு இப்பப் பேசற? எங்களுக்கே இன்னும் ஒண்ணும் கெடைக்கல" என்றான்.

நான் ஏறி மிதித்தேன். நின்று பேசியிருந்தால் அந்த மரத்தடியிலேயே கைகலப்பு ஆகியிருக்கும்.

மறியல் முடிகிற வரைக்கும் தினமும் மலைக்குப் போனேன். சாய்ந்த மரங்களுக்கு மேல் சைக்கிளைத் தோளில் சுமந்து தாண்டினேன். அணையைக் கடந்தால் சரளை ரோடு மேலே ஏறும். பாதிக்கு மேல் மிதிக்க முடியாது, இறங்கித் தள்ளத்தான் வேண்டும். ஆனால் அங்கே என்னை இறக்கியது ஏற்றம். மூச்சு வாங்க வாங்க, வியர்வை கண்ணில் இறங்க இறங்கத் தள்ளினேன், ஒரு நாளும் வலிக்கவில்லை. சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த மலைக்கார அம்மா ஒருத்தி தண்ணீர் கொடுத்து, "கீழ இன்னா சண்டைப்பா? உப்புகூட ஏற மாட்டேங்குது" என்றாள். மறுநாள் கேரியரில் ஒரு மூட்டை உப்பைக் கட்டிக்கொண்டு ஏறினேன். இறங்கும்போது பிரேக் கட்டை தேய்ந்து போயிற்று. சைக்கிளுக்குப் பின்னால் ஒரு மரக்கிளையைக் கட்டி, புழுதி பறக்க இழுத்துக்கொண்டே இறங்கினேன். அந்த இறக்கத்தில்தான் முடிவு செய்தேன். பந்தயத்தன்று அந்தத் தெருவில் இறங்க மாட்டேன்.

பேர் கொடுக்கப் போனபோது கொட்டகை மேனேஜரும் அங்கே இருந்தார். நல்ல மனுஷன் என்று பேர் வாங்கியவர். என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் போனார்.

"ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. காலிப் பொட்டி ஒண்ணு குடுக்கறேன். கேரியர்ல கட்டிக்கினு ஓட்டு. பொட்டி இருந்தா தெருவுல யாரும் கேக்க மாட்டாங்க. கனமும் கம்மிதான்."

எனக்குக் காது கொதித்தது. இதை ஒரு தந்திரம் என்று நினைத்து, முகம் மலர்ந்து சொல்கிறார்! "அப்ப எல்லாரும் தெருவுல எறங்கித் தள்ளட்டும்ங்க, நானும் எறங்கறேன்" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "சைக்கிள் ரேஸ் வெக்கிறமா, ஓட்டப் பந்தயம் வெக்கிறமா?" என்றார் பெரிய வீட்டுக்காரர்.

வீட்டில் அப்பாவும் அதையேதான் சொன்னார். "பொட்டியக் கட்டிக்கினுதான் போயேன்டா. இன்னா கொறஞ்சுடப் போற?" அவர்மேல் அன்று வந்த கோபம் அவருக்கு உரியதல்ல. அது தெரிந்தும் சாப்பிடாமல் எழுந்து போனேன்.

பந்தயத்தன்று வெறும் கேரியரோடு போனேன். அணைக்குப் போகிற வரைக்கும் சிநேகிதன் என் பின்சக்கரத்தை ஒட்டியே வந்தான். திரும்பும்போது எதிர்காற்றில் அவன் பின்தங்கினான். மலை ஏறின கால் இல்லையா என்னுடையது, காற்றுக்கு அடங்குமா? தெருமுனை வந்தபோது எனக்கு முன்னால் ஒருத்தரும் இல்லை. மேளம் கேட்டது, பந்தல் தெரிந்தது. இறங்கவில்லை. குனிந்து மிதித்தேன். நான்கு வீடு தாண்டினேனா, ஐந்து வீடு தாண்டினேனா தெரியாது, அதுதான் நான் அந்தத் தெருவில் எனக்காக ஓட்டிய தூரம். பெரிய வீட்டுக்காரர் குறுக்கே வந்து ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்தார். சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முட்டி கிழிந்து ரத்தம் வந்தது. முன்சக்கரம் கோணிவிட்டது.

"இன்னாடா, பொட்டி இல்லாம ஏறி வர?" என்றார். திட்டவில்லை, கேட்டார். மேளம் நிற்கக்கூட இல்லை.

சிநேகிதன் வந்தான். நான் புழுதியில் கிடப்பதைப் பார்த்தான். அவன் பெடல் ஒரு கணம் நின்றது. பிறகு சுற்றிக்கொண்டு போய்ப் பந்தலைத் தொட்டான். அவன் கழுத்தில் மாலை போட்டு எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். நான் விதியை மீறினதாக மைக்கில் சொன்னார்கள்.

சாயங்காலம் வாய்க்கால் பாலத்தில் அந்தக் குடத்தோடு நின்றான். "இது உன்துதான்டா, வெச்சுக்க" என்றான்.

"மைக்குல போய்ச் சொல்லு" என்றேன்.

"அது எப்டிடா முடியும்?"

"அப்ப எடுத்துக்கினு போ. உங்க வூட்ல தண்ணி பிடி."

அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை.

என்னை வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. நிறுத்தினால் பெட்டியை யார் அந்த நேரத்துக்குள் கொண்டுவருவது? சக்கரத்தைச் சரி செய்துகொண்டு மறுபடியும் மிதித்தேன். பெட்டியோடு தெருவில் ஏறிப் போனேன், பெட்டி இல்லாமல் இறங்கித் தள்ளினேன். எதுவுமே நடக்காதது மாதிரி "வழி வுடுங்கடா" என்று பிள்ளைகளை ஒதுக்கினார்கள். அதுதான் என்னை அதிகமாக எரித்தது. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தீபாவளிக்குப் புதுப்படம். பகல் காட்சியும் உண்டு. கொட்டகை பிதுங்கிற்று. பெரிய வீட்டுக்காரரின் மகளுக்கு அது தலைதீபாவளி. மாப்பிள்ளையும் மகளும் சம்பந்தி வீட்டாரோடு முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் பாதிப் பெட்டியோடு நான் கள்ளக்குறிச்சியிலிருந்து வந்தேன். மழை விட்டுத் தெரு சேறாக இருந்தது. முனைக்கு வந்ததும் இறங்கினேன்.

முன்கூட்டி யோசித்துச் செய்ததில்லை. கால் இறங்கியது, இந்தத் தடவை நானும் அதோடு இறங்கினேன். தள்ளிக்கொண்டு நடந்தேன். அவசரமே இல்லாமல் நடந்தேன்.

கொட்டகையில் இடைவேளை முடிந்து விசில் கிளம்பியிருந்தது. வாசல்களில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "ஏறிப் போடா, படம் நிக்குது!" என்று ஒருத்தர் கத்தினார். நான் நடந்தேன். பெரிய வீட்டுக்காரர் புது வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"டேய், இன்னா வெளையாட்டு? ஏறு!"

"தெருவுல எறங்கித் தள்ளணும்னு நீங்கதானங்க சொன்னீங்க."

"பொட்டி இருந்தா ஏறலாம்டா!"

"பொட்டி இல்லன்னா?"

இரண்டு பக்கமும் தெருவே நின்று கேட்டுக்கொண்டிருந்தது. சிநேகிதன் தன் வீட்டு வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு வெறும் வண்டியோட வருவேங்க. ஏறிப் போலாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இப்பவே ஏறிடறேன்" என்றேன்.

கொட்டகைக்குள் பெஞ்சு உடைகிற சத்தம் கேட்டது. வாசலுக்கு மாப்பிள்ளையே வந்துவிட்டார்; இடுப்பில் கை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்தார். பெரிய வீட்டுக்காரர் மாப்பிள்ளையைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. சொல்லிவிடுவார் என்றுகூட நினைத்தேன்.

என் கையிலிருந்து ஹேண்டில்பாரைப் பிடுங்கினார். பிடுங்கி, சேறு புது வேட்டியெல்லாம் தெறிக்க, செருப்பு ஒன்று கழன்று பின்னால் கிடக்க, என் சைக்கிளைத் தானே தள்ளிக்கொண்டு ஓடினார். மாப்பிள்ளை பார்க்க, சம்பந்தி வீட்டார் பார்க்க, தெருவே பார்க்க ஓடினார். நான் பின்னால் கையை வீசிக்கொண்டு நடந்தேன்.

ஏறலாம் என்ற ஒரு சொல்தான் கேட்டேன். அதைச் சொல்வதைவிடக் காலனிக்காரன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடுவது அவருக்குச் சுலபமாக இருந்தது.