வலப்பக்கம் வளையாத டிஸ்க்

ஆர்விட் கெஸ்கினெனைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் பயமே கோபித்துக்கொள்ளும். வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரையில், எங்கள் ஊர்ச் சாலைகளில் குளிர்காலம் முழுக்கப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவர். வீட்டு மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். பல் டாக்டர் என்றால் பயம், பாலம் என்றால் பயம், தங்கை லெம்பி போடும் காப்பி என்றால் பயம். கடைசியது நியாயமான பயம்தான். அந்தக் காப்பியில் கரண்டியை விட்டால் நிமிர்ந்து நிற்கும்.

காட்டுக்குள் டிஸ்க் கால்ஃப் ஆடும்போதுதான் மனிதர் கொஞ்சம் மூச்சு விடுவார். தட்டையான டிஸ்கை எறிந்து, தூரத்தில் நிற்கும் சங்கிலிக் கூடையில் விழவைக்கும் ஆட்டம். வெகுதூரம் பறக்கும் டிஸ்குகளை அவர் நம்புவதில்லை. "அதெல்லாம் எம் பேச்சக் கேக்காது" என்பார். நடுத்தர தூரத்துக்கு மூன்று வைத்திருந்தார். பச்சை நேரே போகும். கறுப்பு கடைசியில் இடப்பக்கம் சரியும். வெள்ளை மரத்தில் மோதி மோதி விளிம்பு தேய்ந்தது. அதனால் மெல்ல வலப்பக்கம் வளையும். அந்தத் தேய்மானம் கடையில் கிடைக்காது.

போன மே மாதம் ஆர்விட், லெம்பி, நான் மூவருமாக ஆடினோம். லெம்பி இடப்பக்கப் பிர்ச் மரங்களுக்குள் எறிந்துவிட்டு, டிஸ்கைத் தேடிப் போனாள். அப்போது வழியின் நடுவே ஒரு பெண் மூஸ் மான் வந்து நின்றது. லாரிக்குக் கால் முளைத்தாற்போல் உயரம். வலப்பக்கத் தேவதாருக்களின் ஓரத்தில் அதன் குட்டி. தாய் காதுகளைப் பின்னுக்கு மடித்தது. பிடரி மயிர் சிலிர்த்தது. அது முறைத்தது லெம்பியை.

அவள் ஒரு மரத்தோடு ஒட்டிக்கொண்டாள். மரமோ அவளில் பாதி அகலம்தான்.

"அசையாத லெம்பி!"

"நான் மூச்சே விடலண்ணே."

கூடை இருந்தது தேவதாருக்களுக்குப் பின்னால், குட்டியின் பக்கம். அங்கே சங்கிலி ஒலித்தால் தாய் குட்டியிடம் ஓடும். பச்சையை எறிந்தால் மூஸின் முகத்தில் போய் அடிக்கும். கறுப்பை எறிந்தால் லெம்பியின் மரத்துக்கே போகும். ஆர்விட் வெள்ளையை எடுத்து விளிம்பில் விரலை ஓட்டினார். முகம் வெளுத்தது. விளிம்பு வழவழவென்று இருந்தது.

"லெம்பி... இது என்னோடது இல்லயே?"

மரத்துக்குப் பின்னாலிருந்து கிசுகிசுப்பு வந்தது. "ஒம் பொறந்தநாளுக்குன்னு புதுசு வாங்கி ஒம் பைல வெச்சேன். அதே பேரு, அதே நெறம். பழசு ஒரே கீறலா இருந்துச்சே."

"பழசு எங்க?"

"குப்பைல."

"அடிப்பாவி! புதுசு வளையாது. இடப்பக்கம் சரிஞ்சு உந்தலைலதான் வந்து விழும்!"

"திட்டுறதுக்கு இதா நேரம்? அது ஒதட்ட நக்குதுண்ணே!"

நக்கத்தான் செய்தது. மூஸ் உதட்டை நக்கினால் அடுத்தது பாய்ச்சல்தான். ஆர்விட்டின் முழங்கால்கள் ஒன்றோடொன்று தட்டிய சத்தத்துக்கு ஒரு மரங்கொத்தி பதில் கொடுத்தது, சத்தியமாக.

வெள்ளையை வைத்துவிட்டுக் கறுப்பையே எடுத்தார். உள்ளங்கையை மேலே திருப்பி, இடுப்போரமாகச் சுண்டி எறிந்தால் சுழற்சி மாறிவிடும். இடப்பக்கம் சரிகிற டிஸ்க் வலப்பக்கம் சரியும். முழங்கை பிசகிவிடுமென்று பயந்து பல வருஷமாக அவர் தொடாத வீச்சு அது.

"எறியட்டுமா?" என்று என்னைக் கேட்டார். மூஸ் ஓரடி முன்னால் வைத்தது.

எறிந்தார். டிஸ்க் மூஸின் காதை உரசுவதுபோல் போய், வலப்பக்கம் சரிந்து, தேவதாருக்களுக்குப் பின்னால் மறைந்தது. சத்தமே இல்லை. போச்சு என்று கண்ணை மூடினேன். அப்புறம்தான் சங்கிலி கலகலத்தது.

மூஸ் திரும்பிக் குட்டியிடம் பாய்ந்தது. கிளைகள் முறிந்தன, இரண்டும் கூடைப் பக்கத்துக் காட்டுக்குள் போயின.

"போயிருச்சு, வா."

"நீ வந்து கூட்டிட்டுப் போ."

"நானா? அங்கயா?"

ஆனாலும் போனார், வழியிலிருந்த ஒவ்வொரு மரத்தையும் கட்டிப்பிடித்தபடி. லெம்பி அவர் சட்டையைப் பிடித்த பிடியைக் கார் வரைக்கும் விடவில்லை. கூடையில் கிடந்த கறுப்பு டிஸ்கை எடுத்துவர மட்டும் யாரும் போகவில்லை. மூஸ் அந்தப் பக்கம்தானே போயிருக்கிறது.