விரலுக்குக் கெட்டியாக இருந்தது

இதை எழுதாமலே விட்டிருப்பேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் எழுதி யார் படிக்கப்போகிறார்கள் என்ற சோம்பல்தான். ஆனால் என்னைப் போல மண்டையில் ஓட்டையோடு இன்னும் நாலு பேர் இருப்பீர்கள்.

நியாலாஸ் ஊர்ப் பக்கம் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தேன். மூளை வீங்கியதால் வலப்பக்க மண்டையோட்டில் உள்ளங்கை அகலத்துக்கு எலும்பை எடுத்தார்கள். அதில் கிருமி ஏறிவிட்டதால் திரும்ப வைக்க முடியவில்லை. இருமினால் அந்த இடம் உப்பும். குருபோங் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் நண்பன் தினேஷ், "கதவில்லாத வீடு லா நீ" என்றான். எனக்கிருந்த கவலை ஒன்றுதான்: மறுபடி லாரி ஓட்ட முடியுமா?

டாக்டர், இன்னும் ஆராய்ச்சியில் இருக்கும் சிகிச்சை ஒன்றைச் சொன்னார். சாரம் (எலும்பு வளர ஆதாரமாக வைக்கும், மெல்லக் கரையும் வலை) வைத்தார்கள். அதில் என் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த குருத்தணுக்களை (எலும்பாக மாறக்கூடிய இளம் அணுக்கள்) சேர்த்திருந்தார்கள். சாரம் கரையக் கரைய அந்த இடத்தை எலும்பு பிடிக்க வேண்டும்.

தையல் ஆறியதும் அம்மா தினமும் காலையில் விரலால் அழுத்திப் பார்ப்பார்.

"கெட்டியா இருக்குடா. எலும்பு வந்துருச்சு."

எலும்பு வளர்ந்தால் என் முடியைத் தருவதாகக் கோயிலில் வேண்டியிருந்தார்.

"ஸ்கேன் எடுக்கட்டும்மா."

"சாமிக்கு ஸ்கேன் காட்டணுமா? வா லா."

கோயிலில் முடி எடுப்பவர் தழும்பருகே கத்தியை நிறுத்தினார். "தம்பி, இங்க எப்படி?"

"மெதுவா போங்கண்ணே, புது ரோடு."

அம்மா சிரித்தார். விபத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர் அதை என் பக்கம் திருப்பினார். அம்மா கீழே மருந்து வரிசையில் நின்றிருந்தார்.

"ஓரத்துல கொஞ்சம் வந்திருக்கு தம்பி. நடுவுல இல்ல."

"அம்மா கைக்குக் கெட்டியா இருக்கே, டாக்டர்?"

"அது சாரம். இனி அதுவும் கரையும்."

"இன்னொரு சாரம் வைக்கலாமா?"

"கிருமி வந்த இடம். மறுபடி வெட்டினா தோல் தாங்காது. லாரிய மறந்துடுங்க."

அம்மாவிடம் "ஓகே லா" என்று மட்டும் சொன்னேன்.

உங்களுக்குச் சொல்கிறேன், விரலை நம்பாதீர்கள். ஸ்கேன் வரும்வரை எந்த வேண்டுதலையும் முடித்துவிடாதீர்கள்.

இப்போது எனக்கு நாள்காட்டி தேவையில்லை. தலை கொஞ்சம் கொஞ்சமாக மெத்தென்று ஆகிறது. காலம் போவது அதில் தெரிகிறது. தூங்கும்போதுகூட அந்தப் பக்கம் திரும்புவதில்லை. அம்மா இன்னும் அழுத்துகிறார், முன்னைவிட மெதுவாக. "நல்லாருக்குடா" என்கிறார். நானும் "ஆமாம்மா" என்கிறேன்.

இதை தினேஷுக்கு அனுப்பி, அம்மா கண்ணில் படாமல் எங்கே போடலாம் என்று கேட்டேன். பதில் வந்தது:

"ஆன்ட்டிக்குத் தெரியும்டா, உன்கிட்ட சொல்ல வேணாம்னு சொல்லி அழுதாங்க."