ஒன்றரை அடித் தண்ணீர்

கேளம்பாக்கத்தைச் சுற்றிப் பொக்லைன் ஓட்டிக் காசிநாதன் வெட்டிய பள்ளங்களில் பெரும்பாலானவற்றின் மேல் இன்று கட்டடங்கள் நிற்கின்றன. பள்ளமாகவே மிஞ்சியது ஒன்றுதான், எங்கள் குடியிருப்பின் பின்புறக் குளம். மொட்டைமாடி, பார்க்கிங் என எல்லா இடத்து மழைநீரும் அதில்தான் சேர்கிறது.

ஒன்பது வருடங்களுக்கு முன் அதை அவர் நான்கு பக்கமும் சுவர் போலச் செங்குத்தாக வெட்டினார். கரை பிசிறில்லாமல் நின்றால்தான் நல்ல ஆபரேட்டர் என்று பெயர். குளத்தை வடிவமைத்த இன்ஜினியர் ரேணுகா, பார்த்ததும் கலைக்கச் சொன்னார். வரைபடத்தில் கிழக்குக் கரையோரம், ஒன்றரை அடி ஆழத்தில் அகலமாக ஒரு படி இருந்தது.

"இன்னா மேடம், நூல் புடிச்ச மாதிரி வெட்டிக்கீறேன். கலைக்கச் சொல்றியே?"

"அழகாத்தான் இருக்குண்ணா. உள்ள விழுந்தா எப்படி ஏறுவீங்க? ஏறிக் காட்டுங்க."

இறங்கினார். மூன்று முறை ஏறப் பார்த்தார், மூன்று முறையும் மண் சரிந்தது. கடைசியில் ரேணுகா அளவுக் கயிற்றை நீட்ட, அதைப் பிடித்து ஏறினார். மறுநாளே படியை வெட்டினார். அதில் கோரை நட்டார்கள். தை மாதம் தாழைக்கோழிகள் என்னும் நீர்ப்பறவைகள் வந்தன. ரேணுகா கோவைக்குப் போய்விட்டார். கயிறு மட்டும் காசிநாதனின் வண்டியிலேயே தங்கிவிட்டது. அதன்பின் எந்தப் பள்ளத்திலும் அவரை யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்கவில்லை.

இந்த ஆவணியில் தூர் வார அவரைக் கூப்பிட்டோம். தண்ணீர் உள்ளே வரும் இடத்தில், மண் தங்குவதற்கென்றே உள்ள சிறு குழி தூர்ந்திருந்தது. சங்கச் செயலாளர் ரவிச்சந்திரன் கிழக்குக் கரையையும் காட்டினார்.

"அந்தக் கோரையையும் வழிச்சிடுங்க. கரையை நேரா வெட்டினா கல் பதிச்சிடலாம். நீட்டா இருக்கும்."

காசிநாதன் சாவியைத் திருகவில்லை.

"முடியாதுன்னா சொல்லுங்க, வேற வண்டி வரச் சொல்றேன்."

"செருப்ப கழட்டிட்டு வா சார்."

இருவரும் கோரைக்குள் நடந்தார்கள். தண்ணீர் முழங்காலோடு நின்றது. படி முடியும் இடத்தில் காசிநாதன் பழைய கயிற்றைக் குறுக்கே பிடித்தார்.

"இதுக்கு அப்பால ஏழடி. நேரா வெட்டிட்டா கரையாண்டயே ஏழடி. வழுக்கி வுழுந்தா ஏறியாந்துடுவியா சார்?"

ரவிச்சந்திரன் கரையைத் திரும்பிப் பார்த்தார். கோரையிலிருந்து ஒரு தாழைக்கோழி தன் இரண்டு குஞ்சுகளோடு நழுவிப் போனது.

"குழியை மட்டும் வாருங்க," என்று சொல்லிவிட்டுக் கரையேறினார்.

அன்று மதியம் காசிநாதன் சோற்று டப்பாவைக் கிழக்குக் கரையில்தான் பிரித்தார். கயிறு பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது.